தண்ணீர் நிற்கும் மூலை

நான்காவது முறையும் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

தரைக்குப் பூச்சு போட வந்தவள் மண்டியிட்டு அதையே பார்த்தாள். பழைய ஓடுகளைப் பெயர்த்து, சிமெண்டை இயந்திரத்தால் தேய்த்து, பிசுக்குப் போகக் கழுவிய பிறகு தண்ணீர் சொட்டிப் பார்ப்பது தொழில் வழக்கம். உறிஞ்சினால் தரை சுத்தம். நின்றால் உள்ளே எண்ணெய் இருக்கிறது, பூச்சு ஒட்டாது. ஓட்டல் சமையலறை முழுக்கத் தரை உறிஞ்சியது. பொரிக்கும் அடுப்பு இருந்த மூலையில் மட்டும், ஓர் ஆள் விழுந்து கிடக்கும் நீளத்துக்கு, உறிஞ்சவில்லை.

அங்கேதான் அவளுடைய அக்கா, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியோடு வழுக்கி விழுந்து செத்தாள்.

மேனேஜர் வாசலில் வந்து நின்றார். "என்னம்மா, இன்னும் தண்ணி விளையாட்டா? பூசி மூடிட்டுப் போ."

"எண்ணெய் ஊறுது சார். மூடினா பேந்துக்கிட்டு வந்துடும்."

"உங்க அக்கா செருப்பு சரியில்லாம வந்தா. அதுக்குத் தரைய குத்தம் சொல்லாத."

"ரெண்டு வருஷமா வழுக்குதுன்னு உங்ககிட்டதான சொல்லிக்கிட்டு இருந்தா?"

அவர் நடைக்கோடியில் இருந்த தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெரிய மனுஷன்.

அவள் மறுபடி தேய்த்தாள். இயந்திரத்தை நிறுத்தியதும், அடுப்புகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்ட அந்த வெற்று அறையில், காய்ந்த எண்ணெயின் கமறல் தொண்டையைப் பிடித்தது. மூலையிலிருந்து எதுவோ பொரிகிற சத்தம் மெல்ல எழுந்து, அவள் மூச்சை அடக்கியதும் அதுவும் அடங்கியது. அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது.

"அக்கா," என்றாள். "கொஞ்சம் நகரு. இனிமே இங்க ஒருத்தரும் விழக்கூடாது. நான் பூசாம போகமாட்டேன்."

தண்ணீர் சொட்டினாள். உறிஞ்சியது.

பூச்சுக் குழம்பை ஊற்றி, பரப்பி, வழுக்காமல் பிடிக்க அதன் மேல் பொடிமணலைத் தூவி, மூலையிலிருந்து பின்னோக்கியே நகர்ந்தாள். வாசலில் தொடங்கினால் தானே உள்ளே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். கடைசி அடியையும் பூசிவிட்டு வாசற்படிக்கு வெளியே நிமிர்ந்தாள்.

நறுக்.

ஈரப்பூச்சில், அந்த மூலையில், ஒரு காலடி. வெறுங்கால்.

நறுக். இன்னொன்று. இடதுகால் சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறியிருந்தது. பிறவியிலிருந்தே அக்காவுக்கு அப்படித்தான்.

அழுத்தமான அடிகள். ஒன்றுகூட வழுக்கவில்லை.

ஓடச் சொன்னது உடம்பு. ஓடவில்லை. ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள். கன்னத்தைச் சூடு உரசிப் போனது.

நடைபாதையில் காலடிகள். மேனேஜர் அறைவரை. மூடிய கதவுக்கு உள்ளே.

"யாரு?" அவர் குரல்.

தொப்பென்று ஒரு சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

தண்ணீர்ப் புட்டியை இறுகப் பிடித்தபடி அவள் அந்தக் கதவுவரை நடந்தாள். கதவின் அடியிலிருந்து எண்ணெய் மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. குனிந்து, எப்போதும் போல, ஒரு சொட்டு விட்டாள்.

நிற்கவில்லை. உறிஞ்சவும் இல்லை.

சுர்ரென்று பொரிந்தது.