யாருக்கு இன்னும் தண்ணி வேணும்?

வாடகை வீடுங்களைச் சுத்தம் பண்ற வேலை எனக்கு. பெட்ஷீட் மாத்துறதுக்காக மதியம் பக்கத்து வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். வாடகைக்குத் தங்கியிருந்த சுற்றுலாக்காரங்க பாதியிலேயே பெட்டியைத் தூக்கிட்டு ஓடியிருந்தாங்க. ஏன்னு உள்ளே போனதும் தெரிஞ்சுது. டம்ளர், பூஜாடி, குப்பைக்கூடை, விட்டுட்டுப் போன ஷூ, எல்லாத்துலயும் விளிம்பு வரைக்கும் தண்ணி. தரையில ஒரு சொட்டு இல்ல. ஈரப் பாசி வாசம் மட்டும் மூக்கை அடைச்சுது.



இது அத்தை வீடு. எனக்குச் சொந்த அத்தை இல்ல, தெருவுக்கே அத்தை. குழாயில தண்ணி வந்தா முதல்ல எழுந்திரிக்கிறது அவங்கதான். தூங்குறவங்க வாசல்ல இருக்கிற குடத்தையும் நிரப்பி வச்சுடுவாங்க. கடைசியில, "யாருக்கு இன்னும் தண்ணி வேணும்?"னு ஒரு குரல் கொடுப்பாங்க. பதில் வராம குழாயை மூட மாட்டாங்க.

அந்த மகராசியைத்தான் வீட்டுக்காரனுங்க வாடகையை ஏத்தி ஏத்தித் துரத்தினானுங்க. ஊருக்கு வெளியே ஏதோ மாடி வீட்டுல, பேச்சுத் துணைக்கு நாதியில்லாம செத்துப்போனாங்க. தெருவே இப்படித்தான் காலியாச்சு. எல்லா வீடும் சுற்றுலாக்காரனுக்கு! மிச்சம் இருக்கிறது நாங்க மட்டும்தான். நாங்களும் போகணும்னு, இந்த வாடகை வீடுங்களைப் பார்த்துக்கிற மேனேஜர் எங்க குழாயை அடைச்சுட்டான். தண்ணி மொத்தமும் சுற்றுலாக்காரங்களுக்காக மொட்டை மாடியில கட்டின நீச்சல் குளத்துக்குப் போகுது. என் பொண்ணு கைக்குழந்தையோட வந்து இருக்கா. குழந்தையைக் குளிப்பாட்ட வழியில்ல. நாசமாப் போறவன்!

அந்த நேரம் பார்த்து அவனே வந்தான். தண்ணியைப் பார்த்ததும் என் மேல பாய்ஞ்சான்.

"இதெல்லாம் உன் வேலைதானே? ஆளுங்களை விரட்டுறியா?"

"சாமி சத்தியமா நான் இல்ல சார். பச்சைக் குழந்தை இருக்கு, ஒரு குடம் தண்ணியாவது விடுங்க..."

"கஷ்டமா இருந்தா கிளம்புங்க. யாரு உங்களை இங்க இருக்கச் சொன்னா?"

சொல்லிட்டு, சோபாவுல சாய்ஞ்சு போனை நோண்ட ஆரம்பிச்சான். என் உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுது.

சமையலறையில குழாய் தானாத் திறந்துச்சு.

குடத்தைத் தரையில இழுக்கிற சத்தம். பாசி வாசம் கிட்ட வந்துச்சு.

அவன் தலையைக்கூட நிமிர்த்தல.

என் காதோரம், ரொம்ப மெதுவா: "யாருக்கு இன்னும் தண்ணி வேணும்?"

ஓடியிருக்கலாம். வாயைப் பொத்திக்கிட்டு நின்னிருக்கலாம். மனசு கேக்கல.

"மேனேஜருக்கு, அத்தை. அவனுக்குத்தான் எவ்வளவு கொடுத்தாலும் பத்தல."

குழாய் நின்னுச்சு.

திரும்பிப் பார்த்தேன். அவன் சாய்ஞ்சது சாய்ஞ்சபடியே இருந்தான். சட்டை நனையல. கையில போன் வெளிச்சம் இன்னும் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு.

வாய் மட்டும் திறந்திருந்துச்சு. விளிம்பு வரைக்கும் தண்ணி.

மாரடைப்புன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. மறுநாளே எங்க குழாயில தண்ணி வந்துச்சு. பேரப்பிள்ளை நல்லாக் குளிச்சுட்டுத் தூங்குறான். நான் செஞ்சது பாவம்னு தோணுதா? தோணிட்டுப் போகட்டும்.

இன்னிக்குப் புது மேனேஜர் வந்தான். ஒரு வணக்கம்கூட இல்ல. டேப்பை விரிச்சு எங்க வாசலை அளக்க ஆரம்பிச்சான். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டேன். எனக்குப் பின்னாடி என் பொண்ணு கையை நீட்டிக்கிட்டு நின்னா.

"யாருக்குடி கை காட்டுற?"

"அத்தை கேட்டாங்கம்மா."

அவ விரல் அந்த ஆளைக் காட்டிக்கிட்டிருந்துச்சு. அவன் லேசா இரும ஆரம்பிச்சான்.