வெள்ளிப் பெண்ணின் வலது கை

"என் வீட்டுக்காரர் செத்து ஒரு வருஷம் ஆச்சு. இப்போ செவ்வாய்க்கிழமையானா வேலைக்கு வந்துடறார்" என்றாள் வந்தவள்.

போட்டோகிராபர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அவர் மனைவி வக்கீலம்மா மட்டும் நிதானமாக, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். கோர்ட்டை விட்ட பிறகு இப்படிப்பட்ட வழக்குகள்தான் அவரைத் தேடி வந்தன. கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகும் கணவருக்கு, ஒரு முறையாவது மனைவிக்கு முந்திக் குற்றவாளியைப் பிடித்துவிட வேண்டும் என்று தீராத ஆசை.

வந்தவள் பழைய அரண்மனைக் காட்சிசாலையைக் கூட்டித் துடைப்பவள். அவள் கணவர் அங்கே கடிகாரங்களைப் பழுது பார்த்தவர். அவற்றில் ஒன்று, ஒரே மகளைப் பறிகொடுத்த ராணிக்காக ராஜா பொன்னைக் கொட்டிச் செய்யச் சொன்னது. அதன் உச்சியில், இறந்த மகளின் அதே முகத்தோடு ஒரு வெள்ளிப் பெண் உட்கார்ந்திருப்பாள். மூன்று மணியானால் கண்ணைத் திறப்பாள். இரண்டு கைகளிலும் உள்ள சின்னச் சுத்தியல்களால் மணிகளைத் தட்டி ஒரு பாட்டு வாசித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள். ராணி ஒரே ஒரு தடவைதான் கேட்டாளாம். அப்புறம் அந்த அறைப் பக்கமே போகவில்லையாம்.

"போன வருஷம் பழுது பாக்கறப்போ அவ வலது கை முறிஞ்சுது. கடிகாரம் ஓடுது, பாட்டு நின்னு போச்சு. குடிச்சுட்டுக் கை வச்சான்னு, காட்சிசாலையைப் பாத்துக்கற கியூரேட்டர் சொல்லிட்டார். அவர் குடியைத் தொட்டதே இல்லம்மா. ஆனா மறுத்து ஒரு வார்த்தை பேசல. அதே மாசம் நெஞ்சு வலி வந்து போயிட்டார். பாக்க வர்றவங்ககிட்ட எல்லாம் கியூரேட்டர் இன்னும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார். நான் பக்கத்துலயே துடைச்சுக்கிட்டு நிப்பேன்."

"இப்போ பாட்டு கேக்குதா?"

"செவ்வாய்க்கிழமை லீவு. நாலு வாரமா மத்தியானம் உள்ள வாசிக்கிற சத்தம். மொத வாரம் பாதிப் பாட்டுதான். போகப் போகக் கூடிக்கிட்டே வருது. நேத்து ஒரே ஒரு மணிதான் விழல. காலையில திறந்து பாத்தா அவளுக்கு வலது கையே இல்ல. கடிகாரம் மட்டும் மூணு நிமிஷம் முன்னால ஓடுது. திங்கக்கிழமைதான் ரேடியோ வச்சு சரி பண்ணேன், அவர் சொல்லிக் குடுத்த மாதிரி. சாவி என்கிட்டதான். ஒரு திருப்புளிகூட அங்க கிடையாது. அவர் கருவிப் பெட்டியை அப்படியே கொழுந்தன்கிட்ட குடுத்துட்டேன். அவனும் கடிகாரக் கடைதான் வச்சிருக்கான்."

"சத்தம் கேக்கறப்போ கதவைத் திறக்கலையா?"

"திறந்தா போயிடுவாரே" என்றாள் அவள். "வெளியிலயே உக்காந்து கேப்பேன். அவர்தானான்னு மட்டும் சொல்லுங்கம்மா. கையைச் சரி பண்ண வர்றார்னா, தன் பேரைக் காப்பாத்திக்க வர்றார்னுதானே அர்த்தம்?"

அன்றே போய்ப் பார்த்தபோது போட்டோகிராபருக்கு அந்தக் கடிகார அறை பிடிக்கவில்லை. திரை போட்ட ஜன்னல்கள், குளிர்ந்த தரை, உச்சியில் கண் மூடிய வெள்ளி முகம். கேமராவைத் தூக்கும்போதெல்லாம் அவள் கண்ணைத் திறந்துவிடுவாளோ என்று ஓர் அடி பின்னால் போனார். வலது தோள் இருந்த இடத்தில் ஓட்டை. அதன் ஓரத்தில் புது எண்ணெய் மின்னியது. பின்னால் பழுது பார்க்கும் அறை, அதிலிருந்து சந்துக்கு ஒரு கதவு. அதன் பூட்டில் தூசியே இல்லை.

"வாட்ச்மேன்தான்" என்றார் போட்டோகிராபர், வாசலில் காவலுக்கு நின்றவரைக் காட்டி.

"எதுக்குங்க?"

"மூஞ்சியே சரியில்ல."

வக்கீலம்மா, கடிகாரத்தைத் தொட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, கொழுந்தன் கடைக்கு நடந்தார். கடை ஒரு நூல் மில்லை ஒட்டி இருந்தது. அவர்கள் உள்ளே நுழையவும் மில் சங்கு ஊதவும் சுவரில் இருந்த அத்தனை கடிகாரங்களும் ஒரு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. போட்டோகிராபர் தன் வாட்சைப் பார்த்துக் கூச்சப்பட்டு, யாருக்கும் தெரியாமல் முள்ளைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"அண்ணன் போனதுக்கப்புறம் நான் அங்க போறதே இல்லீங்க" என்றான் கொழுந்தன். அண்ணி நன்றாக இருக்கிறார்களா என்று இரண்டு தடவை கேட்டான்.

மறுநாள் கியூரேட்டர், வாட்ச்மேன், கொழுந்தன், அந்தப் பெண் எல்லோரையும் வக்கீலம்மா அந்த அறைக்கே வரச் சொன்னார். போட்டோகிராபர் கடிகாரத்தையும் தன் வாட்சையும் மாறி மாறிப் பார்த்தார். "இது சரியாத்தானே ஓடுது? என் வாட்ச்லயும் இதேதான்."

"நேத்து முள்ளைத் தள்ளினீங்களே, பாத்தேன்" என்றார் வக்கீலம்மா. "இனிமே அதை மாத்தாதீங்க, சாட்சி அதுதான்." பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பாட்டை இருபது வருஷம் கேட்டவருக்கு வாராவாரம் பழகிக்க வேண்டிய அவசியமில்ல. பழகினது பாட்டு இல்ல, புதுசா செஞ்ச ஒரு கை. ஒரு மணி இன்னும் விழலன்னு அதைக் கழட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க. வேலை செய்யணும்னா கடிகாரத்தை நிறுத்தணும். திருடனா இருந்தா நிறுத்தினபடியே விட்டுட்டுப் போவான். கடிகாரக்காரனால அது முடியாது. முள்ளைச் சரியான நேரத்துக்கு வைக்காம அவன் கால் வாசலைத் தாண்டாது. ஆனா யாரோட சரியான நேரம்? இவங்க வீட்டுக்காரர் ரேடியோவை நம்பினவர். மூணு நிமிஷம் முந்தி ஊதற மில் சங்கை நம்பறவர் ஒருத்தர்தான். சந்துக் கதவுச் சாவி அந்தக் கருவிப் பெட்டியிலயே இருந்திருக்கும்."

கொழுந்தன் பையிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். விரல் நீளத்தில் ஒரு வெள்ளிக் கை.

"அன்னிக்கு அண்ணன் என்னை உதவிக்குக் கூப்பிட்டார். அவசரப்பட்டு ஆணியைக் கழட்டிக் கையை முறிச்சது நான்தான். வெளி ஆளை உள்ள விட்டது என் தப்பு, நீ போடான்னு அனுப்பிட்டார். முழுப் பாட்டும் வந்ததும் சொல்லிடலாம்னு இருந்தேன், அண்ணி."

கியூரேட்டர் தரையைப் பார்த்தார். அந்தப் பெண் அந்தக் கையை எடுத்து முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள்.

"அப்போ அவர் வரலையா?" என்றாள்.

போட்டோகிராபர் வாட்ச்மேன்மீது பட்ட சந்தேகத்தை எல்லாம் மறந்து மூக்கை உறிஞ்சினார். குற்றவாளியைப் பிடிப்பதில் இவ்வளவு வருத்தம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு" என்றாள் அவள் கொழுந்தனிடம். பிறகு கியூரேட்டர் பக்கம் திரும்பி, "வர்றவங்களுக்கு நீங்கதான் படிச்சுக் காட்டணும், சார். நான் துடைச்சுக்கிட்டு நிப்பேன்" என்றாள்.

கியூரேட்டர் தலையாட்டினார்.

"அந்த ஒரு மணி பாக்கி இருக்கு, அண்ணி. செவ்வாய்க்கிழமை வரட்டுமா?"

"வா. கதவைத் தட்டிட்டு வா. நான் திறக்கறேன்" என்றாள் அவள். ஒரு வருஷத்துக்கு முன் புருஷனைத் தூக்கிக்கொண்டு போனபோது அழாததையும் சேர்த்து அப்போதுதான் அழுதாள்.