கருநூல் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேனாவைக் கையில் எடுத்தேன். வீட்டில் கற்பூரம் தீர்ந்துபோயிருந்ததால் கொசுவத்திச் சுருளை அணைத்தேன். எதை அணைத்தாலும் சத்தியம் சத்தியம்தான். வீராசாமி வாயைத் திறந்தால் புளுகு என்று எங்கள் தெருவில் சிலர் சொல்வார்கள். அவர்கள் பேச்சை நம்பாதீர்கள்; அவர்கள் பொய் சொல்கிறவர்கள்.

சுனாமி வந்ததற்கு மறு வருடம். நெசவாளர் சங்கத்து வாட்ச்மேன் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டதால், சின்ன காஞ்சிபுரத்தில் கேபிள் டி.வி. நடத்திவந்த கண்ணாயிரத்திடம் போய்ச் சேர்ந்தேன். மத்தியானப் படம் ஓடும்போது முதல் சி.டி. முடிந்தால் இரண்டாவது சி.டி.யைப் போட வேண்டும். அதுதான் வேலை. ஒரு தடவை இரண்டாவதை முதலில் போட்டுவிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை.

கேபிள் அறை ஒரு பழைய தறிக்கூடத்தின் மாடியில் இருந்தது. கீழே தறிகள் போய்விட்டன. நெசவாளி காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழிகள் மட்டும் மிச்சம். அவற்றைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். நடந்தால் ஒவ்வொரு பலகையும் 'டொம்' என்று உள்ளிருந்து பதில் சொல்லும். பட்டு நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாடை சுவரை விட்டுப் போகவே இல்லை. மாடியில் பெட்டி பெட்டியாக ரிசீவர்கள், சிவப்பும் பச்சையுமாகப் பொட்டு விளக்குகள், ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் பாயும் கறுப்பு ஒயர்கள். ஒரு மூலையில் சின்ன கேமரா. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கண்ணாயிரம் ஜிப்பா போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்து, லோக்கல் சேனலில் தெருவுக்கெல்லாம் வாழ்த்துச் சொல்வார். யாரும் கேட்டதில்லை, அவராகவே சொல்வார்.

அந்த வருடம் கோடையில் 'கருநூல்' வரப்போகிறது என்று விளம்பரம் ஓட ஆரம்பித்தது. ஜப்பான்காரன் படம் வரைந்து எடுத்த தொடர், தமிழில் முதன்முறையாக, ஆனி மாதக் கடைசி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு. கார்ட்டூன் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "தாத்தா, அது அனிமே. கார்ட்டூன்னு சொன்னீங்கன்னா மானம் போயிடும்" என்று சண்டைக்கே வந்துவிட்டாள் திரிஷா. அவள் எங்கள் லைன்மேன் அந்தோணியின் மகள். பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாள். ரிசல்ட்டைவிடக் கருநூலுக்காகத்தான் அதிகம் காத்திருந்தாள்.

விளம்பரத்தில் ஒரு பெண் வருவாள். சுண்ணாம்பு பூசிய மாதிரி முகம், தைத்து மூடிய உதடு. தப்பு செய்துவிட்டு மறைத்தவன் விரலில் கறுப்பு நூல் ஒன்றைச் சுற்றுவாள். அவன் உண்மையைச் சொல்லும்வரை நூல் இறுகும். டீக்கடையில் நெசவாளிகள் இதைப் பார்த்துவிட்டு, "இழை முடியத் தெரியலியே இந்தப் பொண்ணுக்கு, இவ எங்கப்பா பழி வாங்கப் போறா?" என்றார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எடுத்த வேலையை முடித்துவிட வேண்டும் என்று அவர்களும்தான் அவசரப்பட்டார்கள்.

"மொத நாளு உன்கூடக் குந்திதாம்மா பாப்பேன். எந்த வூட்ல லைன் போச்சின்னாலும் போவ மாட்டேன்" என்று அந்தோணி மகளிடம் என் முன்னால்தான் வாக்குக் கொடுத்தார்.

அந்தோணிக்கு வருடத்தில் சில நாள் ஒரு தனி வேலை உண்டு. பெருமாள் புறப்பாட்டின்போது குடை உயரமாக வரும். தெருவுக்குக் குறுக்கே தொங்கும் கேபிள் ஒயர் அதில் சிக்கிவிடக் கூடாது. அதனால் கேபிள்காரன் ஒருவன் கவை வைத்த நீண்ட மூங்கிலோடு முன்னால் போய், ஒவ்வொரு ஒயராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கழுத்தில் சிலுவை, கையில் மூங்கில், பெருமாளுக்குப் பத்தடி முன்னால் அந்தோணி. "மேல தூக்கு, குடை வருது!" என்று அவர் குரல்தான் முதலில் வரும். நாதஸ்வரம் அப்புறம்தான்.

வைகாசி உற்சவத்தில் ஒருநாள் காலை தூறிக்கொண்டிருந்தது. மூங்கில் ஒடிந்துவிட்டது என்று அந்தோணி கேபிள் அறைக்கு ஓடியதைத் தெருவே பார்த்தது. திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது இரும்புக் குழாய். எங்கள் தெரு முனையில் கேபிளைத் தூக்கினார். குழாயின் நுனி மேலே போன கரண்ட் கம்பியில் பட்டது.

குடை தெரு முனையிலேயே நின்றுவிட்டது.

போலீஸ் வந்தபோது குழாயைக் காணோம். கண்ணாயிரம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காலையிலயே தண்ணி போட்டுக்கினு வந்தாம்பா. என்னாண்ட வரவே இல்ல. பைப்ப எங்க புடிச்சானோ தெரியல."

தேவாலயத்தில் கொடுக்கும் திராட்சை ரசத்தையே முகர்ந்து பார்த்து, "புளிச்சிருக்குதா ஐயா?" என்று பாதிரியாரைக் கேட்டவர் அந்தோணி. ஆனால் தெரு நம்பியது. பணக்காரன் அழுதால் எல்லோரும் நம்புவார்கள். அடக்கம் முடிந்த வாரமே அந்தோணி வீட்டுக் கேபிளைக் கண்ணாயிரம் துண்டித்தார். குழாயடியில் திரிஷாவைக் 'குடிகாரன் பொண்ணு' என்று யாரோ சொன்னார்கள். அவள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டாள். அந்தப் பெயரைத் துடைக்காமல் தூங்க மாட்டேன் என்று என்னிடம் சொன்னாள். சொன்னபடி தூங்கவும் இல்லை; கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகுதான் விளம்பரம் மாறியது.

வெள்ளை முகத்துப் பெண்ணுக்குப் பின்னால், தொலைவில், யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். நீளமாக ஒன்றைத் தோளில் சாய்த்திருந்த மாதிரி. சென்னையில் இருந்த என் மச்சினனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவன் டி.வி.யில் அந்தப் பெண் மட்டும்தான் இருந்தாள்.

மறுநாள் அந்த ஆள் கொஞ்சம் கிட்ட வந்திருந்தார்.

அதற்கு மறுநாள் இன்னும் கிட்ட.

கண்ணாயிரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த டீ ஆறி, ஏடு கட்டிவிட்டது. "யோவ் பெருசு, அந்தச் சேனலத் தூக்கு" என்றார். தூக்கினேன். அரைமணி நேரத்தில் தெருவே படியில் ஏறி வந்துவிட்டது. அர்ச்சகர் வீட்டு ப்ரணவ் முன்னால் நின்று, "அங்கிள், ஞாயித்துக்கிழமை கருநூல் வரலேன்னா நாங்க எல்லாரும் வேற கேபிள் மாத்திப்போம்" என்றான். அவன் அம்மாவும் பின்னால் நின்று தலையாட்டினாள். சேனல் திரும்ப வந்தது.

ஞாயிறு வந்தது. முந்தின நாள் அடித்த பெரிய காற்றில் வேப்பங்கிளைகள் முறிந்து தெருவெல்லாம் கிடந்தன. வானம் மூட்டம் போட்டு, ஐந்தரைக்கே விளக்கு வைக்கும் நேரம் மாதிரி இருட்டிவிட்டது. திரிஷா படியேறி வந்தாள்.

"அங்கிள், எங்க வூட்டுக்கு இன்னைக்கு மட்டும் லைன் குடுங்க."

"எதுக்கு? படிக்கிற வயசுல பேய்ப் படமா?"

"அப்பா என்கூடக் குந்திப் பாக்கறேன்னு சொல்லியிருக்காரு."

கண்ணாயிரம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "செத்தவன் எங்கடி வந்து பாக்கப் போறான்?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நேத்தே வந்துட்டாரு அங்கிள். கீழ என்னமோ தேடிக்கினு இருக்காரு."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் காலடியில் பலகைகள் ஒவ்வொன்றாக டொம், டொம் என்றன. கண்ணாயிரம் கதவைத் தாழ் போட்டார். அறையில் புழுக்கம் தாங்கவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி நின்றிருந்தது. அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

ஆறு மணி.

எல்லாத் திரைகளிலும் கறுப்பு. பிறகு ஒரே ஒரு இழை, மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. தெருவில் பிள்ளைகள் 'ஹோ'வென்று கத்தியது கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

கீழே ஒரு பலகை நகர்ந்தது.

எலியாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். எலி பலகையைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைக்காது.

குழிக்குள்ளிருந்து எதையோ இழுக்கும் சத்தம். மண்ணில் உரசி, கல்லில் உரசி, நீளமாக. இரும்பு.

கண்ணாயிரத்தின் நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது.

டக்.

முதல் படி.

டக்.

ஊன்றி ஊன்றி ஏறி வந்தது. மழையில் நனைந்த மூங்கில் வாடை கதவிடுக்கில் நுழைந்தது. அதற்குப் பின்னாலேயே மயிர் கருகும் வாடை. ஓடிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அறைக்கு ஒரே வாசல். அந்த வாசல் வழியாகத்தான் அது வந்துகொண்டிருந்தது.

தாழ்ப்பாள் தானாக விலகியது.

வாசலில் ஆள் இல்லை. இரும்புக் குழாய் மட்டும் நின்றது. சாயாமல், எதிலும் ஒட்டாமல், நட்டுக்குத்தலாக. கீழ்முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மூலையில் இருந்த கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதை யாரும் தொடவில்லை. திரைகளில் வெள்ளை முகத்துப் பெண் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தாள். பிறகு அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அந்த இடத்தில் கண்ணாயிரத்தின் முகம் வந்தது. எல்லாத் திரையிலும் அந்த முகம்தான்.

யாரோ என் காதருகே மெதுவாகச் சொன்னார்கள். எனக்குச் சொல்லவில்லை.

"புடிங்க ஓனரே. குடை வருது."

கண்ணாயிரத்தின் இரண்டு கைகளும் தாமாகப் போய்க் குழாயைப் பிடித்தன. ஜன்னல் ஓரத்து ஒயர்கள் எல்லாம் தளர்ந்து அவர் தலைக்கு மேல் தொங்கின. அவர் தூக்கினார். தூக்காமல் இருக்க முடியவில்லை. ஆள்காட்டி விரலில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அது இறுகியது. விரல்நுனி வெளுத்தது, பிறகு நீலமானது.

"மேல தூக்குங்க ஓனரே."

"வுட்ருப்பா அந்தோணி!" என்று அலறினார். கோடு இன்னும் இறுகியது. அதற்கப்புறம் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான்தான் குடுத்தேன்! மூங்கில் ஒடஞ்சி போச்சின்னு வந்தான். வேற மூங்கில் வாங்கியாரேன்னான். சாமி வந்துக்கினு இருக்குது, இப்பப் போயி மூங்கில் தேடறியான்னு நான்தான் பைப்ப எடுத்துக் குடுத்தேன். இரும்பு வேணா ஓனரே, ஈரமா இருக்குதுன்னான். பயந்தாங்கொள்ளின்னு திட்டினேன். அவன் குடிக்கலப்பா, பச்சத் தண்ணிதான் குடிச்சிருந்தான். பைப்பத் தறிக்குழில போட்டு மூடினதும் நான்தான்!"

தெருவில் எல்லா வீட்டு டி.வி.யிலும் அதே முகம், அதே பேச்சு. வாழ்த்துச் சொன்ன நாளெல்லாம் ஒருவரும் கேட்காத அந்தக் குரலை அன்றைக்குத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

சொல்லி முடித்ததும் விடுதலை கிடைக்கும் என்று கண்ணாயிரம் நினைத்திருப்பார். நானும் நினைத்தேன். அந்தக் கதையில் அப்படித்தானே விதி? ஆனால் அந்தோணி ஜப்பான்காரர் இல்லை. காஞ்சிபுரத்துக்காரர்.

"இன்னும் குடை தாண்டல ஓனரே."

முதல் பாகம் முடியும்வரை அவர் குழாயைத் தூக்கியபடியே நின்றார். திரைகளில் கருநூல் ஓடியது. நான் பார்த்தேன், வேறென்ன செய்வது? நன்றாகவே இருந்தது.

மறுநாள் போலீஸ் வந்து ஜீப்பில் ஏற்றியபோதும் அவர் கை இரண்டும் தலைக்கு மேலேயே நின்றன. ஜீப்பின் கூரை இடித்ததால் பின்னால் உட்கார வைத்து, கைகளை வெளியே நீட்டிக் கொண்டுபோனார்கள். ஜெயிலிலிருந்து வெளியே வந்த பிறகு தென்னேரிக்குக் குடிபோனார். இன்றுவரை சட்டை மாட்ட முடியாது. ஏரிக்கரையில் அவர் நடந்து போவதைப் பார்த்து, யாரோ தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து பஸ்ஸை நிறுத்தும் டிரைவர்கள் உண்டு.

அந்த ஞாயிறு ஏழு மணிக்கு நான் நேராகத் திரிஷாவின் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே தெரு அங்கே கூடி நின்றது, தலையைக் குனிந்துகொண்டு. குழாயடியில் பேசிய வாயும் அதில் இருந்தது. திரிஷா எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டாள். சாத்துவதற்குள் நான் உள்ளே பார்த்துவிட்டேன். வெட்டிப்போட்ட கேபிளின் நுனி சுவரில் தொங்கியது. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. எதிரே பாயில் இரண்டு டம்ளர் டீ. இரண்டும் காலி. அவள் பக்கத்தில் பாய் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. நான் பார்க்கப் பார்க்க அது மெதுவாக மேலே எழும்பியது.

இப்போதும் வைகாசியில் எங்கள் தெரு முனைக்கு வந்து நின்று பாருங்கள். மூங்கில் பிடிக்க ஆள் வைப்பதை விட்டுவிட்டோம். தேவைப்படவில்லை. நாதஸ்வரம் கேட்பதற்கு முன்னாலேயே ஒயர்கள் ஒவ்வொன்றாக, காற்றே இல்லாமல், மேலே எழும்பி நிற்கும். பெருமாள் தாண்டியதும் இறங்கும். கிட்டே நின்றால் மூங்கில் வாடை வரும்.

சத்தியம் செய்திருப்பதால் ஒன்றை மட்டும் மறைக்க முடியாது. சனிக்கிழமை காற்றில் எங்கள் பகுதி டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது. புதன்கிழமைதான் புதிது வைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் தெருவில் கரண்டே கிடையாது.