பக்கத்துக் காம்பராக்காரி

கொடைக்கானலில் மத்தியானத்துக்கே பொழுது சாய்ந்துவிடுகிற கார்த்திகை மாதம் அது. எழுபத்தொன்பதாம் வருஷம். அன்றைக்கு இறங்கிய மஞ்சுமூட்டத்தைக் கத்தியால் அறுத்துப் பொட்டலம் கட்டி மதுரைக்கு அனுப்பியிருக்கலாம். வில்பட்டி ரோட்டில் முன்னால் போன கமிட்டிக்காரர் உபகாரத்தின் குடை மட்டும்தான் அன்னக்கொடிக்குத் தெரிந்தது. அந்தக் குடையைப் பார்த்தால் சல்லடைக்கே வெட்கம் வந்துவிடும்.

வீடில்லாதவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் மிஷன் கமிட்டியில் உபகாரத்துக்குச் சோலி. அன்னக்கொடியோ சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டவள். வந்த வருஷமே புருஷன் காய்ச்சலில் போய்ச்சேர, காய்கறி மண்டிக் கொட்டகையில் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்தாள். ஐந்து வயது மகள் சுந்தரி கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருந்தாள். தாய்க்கு ஒரு வீடு அமைந்தால்தான் பிள்ளை திரும்பும்.

"இந்தா கெடக்கு பாரு, உன் அரண்மனை" என்றார் உபகாரம்.

சரிவின் விளிம்பில் ஒற்றைக் கல்வீடு. எந்தக் காலத்திலோ ஒரு துரை தன் தோட்டக்காரனுக்குக் கட்டியது. ஒரே அறை, ஓர் அடுப்பு. பின்சுவரைத் தாண்டினால் பள்ளத்தாக்கு. ஓர் ஆட்டுக்குட்டி நிற்கக்கூட இடமில்லை.

"முன்னாடி யாரு இருந்தாங்கண்ணே?"

"இருந்தாங்க. போயிட்டாங்க."

"ஏன்?"

"குளிரு தாயி, குளிரு." அவர் வாசற்படியைத் தாண்டவே இல்லை. "கிறிஸ்துமஸுக்கு முந்தி சிஸ்டர் வந்து பாப்பாங்க. அடுப்பு எரிஞ்சு, ஆள் பொழங்குற வீடா இருக்கணும். பூட்டிக் கெடந்துச்சோ, பிள்ளை அங்கனயேதான் வளரணும். வேற வீடும் கெடையாது, சொல்லிப்புட்டேன்."

குடை முன்னால் பறக்க, உபகாரம் பின்னால் பறந்தார்.

சிலோன் தோட்டத்தில் கூலிக்காரர்களின் வரிசைவீடான லயத்தில் அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காம்பரா என்பார்கள். முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் 'நூறு வயசு' என்று வாழ்த்துவார்கள். இங்கே அன்னக்கொடி தும்மினாள். மஞ்சுதான் கேட்டுக்கொண்டது. பேச ஆளில்லாமல் அவள் உலைப்பானையோடு பேசினாள். பானையும் எத்தனை நாளைக்குத்தான் 'உம்' கொட்டும்?

ஓர் அந்தியில் அடுப்பு மூட்டியவுடன், பழைய பழக்கத்தில் கை தானாக அகப்பையைத் திருப்பிப் பின்சுவரில் இரண்டு தட்டுத் தட்டியது. லயத்து வழக்கம் அது. இரண்டு தட்டினால், 'நான் நெருப்பு மூட்டிட்டேன், உனக்குக் கங்கு வேணுமா?' என்று அர்த்தம். மூன்று தட்டினால், 'தேத்தண்ணி குடிக்க வா'.

"கிறுக்குச் சிறுக்கி, அங்கிட்டு யாரு இருக்கா?" என்று தன்னையே வைதுகொண்டு சிரித்தாள்.

டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

வெளியே ஓடிச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தாள். சுவர். அதன் கீழே பள்ளம். பள்ளம் நிறைய மஞ்சு. எங்கிருந்தோ ஈரக் கரியின் வாசனை.

மறுநாள் தட்டக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் தனிமை இருக்கிறதே, அது பேயைவிடப் பொல்லாதது. பேயையே நாலு ஊர் துரத்தும். இருட்டுவதற்குள் தட்டிவிட்டாள். பதில் வந்தது. அப்புறம் அந்திதோறும் வந்தது. அன்னக்கொடி சுவரில் சாய்ந்து சுந்தரியின் சேட்டைகளையெல்லாம் சொல்லுவாள். அந்தப் பக்கம் யாரோ காது வைத்துக் கேட்பதுபோலச் சுவர் குளிர்ந்திருக்கும்.

ஒருநாள் ரோட்டிலிருந்தே உபகாரம் கத்தினார்: "ஏத்தா! நாளைக்கு சிஸ்டர் வாராங்க, பிள்ளையோட! வெரசா வீட்டைக் கூட்டி வை!"

சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அகப்பையை எடுத்தாள்.

மூன்று தட்டு.

'குடிக்க வா' என்று கூப்பிட்டுவிட்டது தட்டிய பிறகுதான் உறைத்தது.

சுவர் பதில் சொல்லவில்லை. வெகுநேரம் சொல்லவில்லை.

டொக். டொக்.

இந்தமுறை அவள் முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து.

திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் பாய்ந்தாள். முற்றத்து மஞ்சில் பல் கிட்டித்து நின்றாள். ஓடினால் மண்டிக் கொட்டகை இருக்கிறது. ஆனால் நாளைக்குச் சிஸ்டர் பார்ப்பது ஆளில்லாத வீட்டையும் அணைந்த அடுப்பையும்தான். சுந்தரி வந்த வழியே திரும்பிப் போய்விடுவாள்.

உள்ளே அடுப்பில் யாரோ சுள்ளி ஒடித்துப் போடும் சத்தம்.

அன்னக்கொடி முந்தானையை இழுத்துச் செருகினாள். உள்ளே போனாள். எவருமில்லை, நெருப்பு மட்டும் நன்றாக எரிந்தது. இரண்டு தம்ளரில் தேத்தண்ணி ஊற்றி, ஒன்றைக் காலிப் பலகையின் முன்னால் வைத்தாள்.

"கூப்புட்டது நாந்தேன், அக்கா" என்றாள். "குடிச்சுட்டு இரு. எம்பிள்ளைய மட்டும் வெரட்டிராத."

விடிந்தபோது அந்தத் தம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. லயத்துக்காரர்கள் விருந்துக்கு வந்த வீட்டில் அப்படித்தான் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் யாரும் போனதாகத் தெரியவில்லை.

சிஸ்டர் அடைக்கலமேரி வந்தார். வீட்டைச் சுற்றிலும் பார்த்தார். "வெறும் கல்லுக் கூடா இருந்துச்சு. இப்பத்தான் ஒரு குடும்பம் இருக்கிற மாதிரி இருக்கு" என்று மெச்சினார். சுந்தரியின் கையை எடுத்துத் தாயின் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். அன்றைக்கு அன்னக்கொடி அழுத அழுகையில் ஏரி கரை தாண்டாமல் இருந்ததே அதிசயம்.

அன்று மகளைக் கட்டிக்கொண்டு, நெடுநாள் கழித்து, செத்தவள்போலத் தூங்கினாள்.

வெள்ளனே எழுந்து அடுப்புச் சாம்பலை அள்ளி, நெருப்பு மூட்டிக் காப்பி போட்டாள். மூலையில் கம்பளிக்குள் சுந்தரி சுவரோரமாகச் சுருண்டிருந்தாள்.

"எந்திரி தாயி, காப்பி ஆறிப்போகும்."

"நான் இங்கின இருக்கேம்மா!" என்று முற்றத்திலிருந்து சுந்தரியின் குரல் வந்தது. "புல்லெல்லாம் உப்புத் தூவுன மாதிரி இருக்கும்மா!"

கம்பளி மெல்ல ஏறி இறங்கியது.

அன்னக்கொடி நின்றாள். வாசலைப் பார்த்தாள். மகள் உறைபனியில் குதித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கூரையை விட்டால் வேறு கூரை கிடையாது.

குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, விலகியிருந்த கம்பளி ஓரத்தைக் குளிர் புகாதபடி இழுத்துச் செருகினாள்.

உள்ளேயிருந்து ஏதோ ஒன்று, தூக்கத்தில் பிள்ளை செய்வதுபோல, அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.