லீவு எடுக்காத நாய்

ஊ... ஊ... ஊஊஊ!

சில்வண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த பால் கிண்ணம் தளும்பி, பாதி அவள் சட்டையில் கொட்டியது.

"என்னடா ஆச்சு உனக்கு? இப்பத்தானே நல்லா இருந்தே!"

முத்திரை என்ற அந்த நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தது. ஊஊஊ!

அன்றுதான் சில்வண்டு வேலையில் சேர்ந்திருந்தாள். வாழ்க்கையிலேயே முதல் வேலை. ஊருக்குப் போனவர்களின் நாயைப் பார்த்துக்கொள்ளும் வேலை!

இது வெகு நாளைக்கு முந்தைய கதை. அப்போது தெருவுக்கு ஒரு போன் இருந்தால் அதிகம். தூரத்தில் இருப்பவர்களோடு பேச வேண்டுமென்றால் கடிதம்தான். எழுதிப் போட்டுவிட்டு, பதில் வரும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் காத்திருப்பிலும் ஒரு சுகம் இருந்தது. தெருமுனையில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உறையைப் பிரிப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட தபால்காரர் அதுவரை லீவு எடுத்ததே இல்லை.

"கல்யாணமான புதுசுல கடலைக் காட்டுங்கன்னு கேட்டேன்," என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "இதோ அதோன்னு சொல்லிச் சொல்லியே என் தலை நரைச்சுப் போச்சு!"

அந்த வருஷம் மனைவியே போய் பஸ் டிக்கெட் வாங்கி வந்துவிட்டார். விடுதியிலும் சொல்லி வைத்தாயிற்று. நாயை யார் பார்த்துக்கொள்வது என்பது மட்டும்தான் பாக்கி. பக்கத்து வீட்டில் சில்வண்டு இருந்தாள். வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது.

"இவளா? இவளையே ஒரு ஆள் பார்த்துக்கணுமே!" என்றார் சில்வண்டின் அம்மா.

"இருக்கட்டும்மா. இவ பேசிக்கிட்டே இருப்பா, அவன் எதிர்த்துப் பேச மாட்டான். ரெண்டுக்கும் நல்லா ஒத்துப்போகும்," என்றார் தபால்காரரின் மனைவி.

"சும்மா இல்ல. வேலைன்னா சம்பளம் உண்டு," என்றார் தபால்காரர். அவர் சேர்த்து வைத்திருந்த வெளிநாட்டுத் தபால்தலைகளில் இரண்டு கை கொள்ளுமளவு. சில்வண்டு அங்கேயே குதித்தாள்.

கிளம்புகிற நேரத்தில், சில்வண்டு அத்தை என்று கூப்பிடும் தபால்காரரின் மனைவி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். பால் எவ்வளவு, ரொட்டியை எப்படி ஊறவைப்பது, எந்தச் சாக்கில் படுக்கும்.

"முக்கியமா, பின்கதவைத் தாழ் போட மறந்துடாதே. நான் விடியக்காலையே ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிட்டா, சாயந்திரம் வர்ற வரைக்கும் வீட்டுக்கு இவன்தான் காவல். வாசலைத் தாண்டினதே இல்ல!"

தபால்காரர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார்.

அது நேற்று. இன்றைக்கு இந்த ஊளை.

சில்வண்டு பிஸ்கட் காட்டினாள். பந்து உருட்டினாள். ரேடியோவைப் போட்டாள். பாட்டு சத்தத்தைவிட ஊளை சத்தம் பெரிதாக இருந்தது.

தட் தட் தட்டென்று யாரோ மாடிப்படியில் இறங்கி வந்தார்கள். மாடி மாமா! அச்சகத்தில் இரவு வேலை பார்ப்பவர். ஊரே எழுந்து வேலைக்குப் போகும் நேரத்தில்தான் அவர் படுக்கையில் விழுவார். கண்கள் சிவந்திருந்தன. தலைமுடி நாலு திசைக்கும் நின்றது.

"ஏ சில்வண்டு! இது நாயா, மில்லு சங்கா?"

"இதோ நிறுத்திடும் மாமா! கொஞ்சம் புதுசில்ல..."

"நான் பழசும்மா. தூங்கலைன்னா செத்துருவேன். தூங்கி வழிஞ்சுக்கிட்டே எழுத்து கோத்தா, நாளைக்குப் பேப்பர்ல மந்திரி தலைகீழா நிப்பாரு!" அவர் கொட்டாவி விட்டார். "நாளைக்கும் இப்படிக் கத்தினா, மளிகைக் கடைக்குப் போய் அந்த விடுதிக்குப் போன் போட்டுடுவேன். அவங்களே வந்து பார்த்துக்கட்டும்."

சில்வண்டு மனசுக்குள் கணக்குப் போட்டாள். அத்தை இப்போதுதான் கடலைக் கண்ணால் பார்த்திருப்பார். கால் நனைந்ததோ இல்லையோ! அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவதா? அதுவும் அவளால்?

மத்தியானம் ஆனதும் முத்திரை தானாக ஓய்ந்தது. ஆனால் ரொட்டியைத் தொடவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துவிட்டது.

மறுநாள் காலை.

சில்வண்டு பேசாமல் உட்கார்ந்து நாயையே கவனித்தாள். அவள் பேசாமல் இருந்ததே பெரிய விஷயம்.

முத்திரை எழுந்தது. முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தது. தண்ணீர் குடித்தது. உடம்பை ஒரு உதறு உதறியது. நேராகப் பின்கதவுக்குப் போய், கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது.

'அட! அப்பா வேலைக்குக் கிளம்புற மாதிரியே இருக்கே!'

கதவு திறக்கவில்லை என்றதும், முத்திரை கழுத்தை நீட்டியது. ஊ...

"வேண்டாம்! வேண்டாம்!" சில்வண்டு பாய்ந்து கழுத்துப்பட்டையில் கயிற்றைக் கோத்தாள். "எங்கே போகணுமோ போ. நானும் வர்றேன். ஆனா கயிறு என் கையிலதான்!"

தாழ்ப்பாளை நீக்கினாள்.

அடுத்த நொடி அவள் பறந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். சந்து, சாக்கடைப் பாலம், மரக்கடை, மறுபடி ஒரு சந்து. முத்திரை எங்கும் நிற்கவில்லை, எதையும் மோந்து பார்க்கவில்லை. கடைசியில் சிவப்புச் செங்கல் கட்டடம் ஒன்றின் பின்புறம், மரத்தடியில் போய் அடக்கமாக உட்கார்ந்தது.

தபால் ஆபீஸ்!

கதவைத் திறந்துகொண்டு சைக்கிளோடு ஒருவர் வெளியே வந்தார். லீவில் போனவருக்குப் பதிலாக வந்த இளைஞர். ஒட்டடைக்குச்சி போல உடம்பு. தோளில் அவரைவிடக் கனமான பை. முத்திரையைப் பார்த்ததும் சைக்கிளை நடுவில் நிறுத்தி, அதற்குப் பின்னால் ஒளிந்தார்.

"பாப்பா! பிடி! நாயைப் பிடி! நாய்னா எனக்கு ஆகாது!"

"தபால்காரரா இருந்துக்கிட்டு நாய்க்குப் பயந்தா எப்படிண்ணா?"

"தபால்காரரா இருக்கிறதாலதான் பயம்!"

அவர் ஏறி மிதித்தார். முத்திரை பின்னாலேயே ஓடியது. முந்தவும் இல்லை, குரைக்கவும் இல்லை. ஒரே அளவு இடைவெளி விட்டு, பள்ளிக்கூட வரிசையில் நடப்பதுபோல் ஓடியது. முதல் தெருவில் ரொட்டிக் கடை வந்ததும் டக்கென்று வாசலில் உட்கார்ந்தது.

"அடடே, முத்திரையா! நேத்து ஏன்டா வரலை?" ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்தார்.

சில்வண்டு மூச்சு வாங்கினாள். "இவன் தினமும் வருவானா?"

"வராம? நம்ம தபால்காரருக்குப் பின்னாடியே வருவானே! நாயோட தபால் கொடுக்கப் போகக்கூடாதுன்னு ஆபீஸ்ல சட்டம். அதனால அவர் திரும்பியே பார்க்க மாட்டாரு. யாராவது கேட்டா, 'நான் எங்கே சார் கூட்டிட்டு வந்தேன்?'னு சொல்லிடுவாரு." கடைக்காரர் கண்ணடித்தார். "அவர் வீட்டம்மாவுக்கும் இது தெரியாது. நாய் வீட்டைக் காவல் காக்குதுன்னு அவங்க நம்பிக்கிட்டு இருக்காங்க!"

சில்வண்டு சிரித்த சிரிப்பில் புரையேறியது. கிளம்பும்போது தபால்காரர் முழுங்கிய வார்த்தை என்ன என்று இப்போது புரிந்தது.

தபால்காரர் லீவு எடுத்துவிட்டார். ஆனால் நாய்க்கு யாரும் லீவு கொடுக்கவில்லையே!

புதுத் தபால்காரர் இதற்குள் தெருக் கோடிக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி கோடிக்குப் போனார். வியர்வை வழிந்தது.

"என்னண்ணா தேடுறீங்க?"

"பன்னிரண்டாம் நம்பருக்குப் பக்கத்துல நாற்பது இருக்கு. பதிமூணு அந்தத் தெருவுல இருக்கு! இந்த ஊர்ல நம்பர் போட்டவனை நான் பார்க்கணும். நேத்து வீட்டுக்குப் போக இருட்டிப் போச்சு."

அந்த ஊரில் எந்த வீட்டை முதலில் கட்டினார்களோ, அதற்கு முதல் நம்பர். அவர் கடிதங்களை ஒன்று, இரண்டு என்று நம்பர் வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஊரைக் குறுக்கும் நெடுக்குமாக உழுதுகொண்டிருந்தார்.

சில்வண்டு முத்திரையைப் பார்த்தாள். முத்திரை அடுத்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, இவன் நிக்கிற வாசல் எல்லாம் வரிசையா வரும். இவன் பின்னாடியே வாங்க. இன்னிக்கு ஒருநாள் பாருங்க, நாளைக்கு அதே வரிசையில கடிதத்தை அடுக்கிக்கலாம்."

"நாய் பின்னாடியா? நானா?"

"கயிறு என் கையில இருக்கு. உங்களைக் கடிச்சா நீங்க என்னைக் கடிங்க!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பயந்த முகம் காட்டுவது கஷ்டம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நாயிடமிருந்து நல்ல தூரத்தில் நடக்க ஆரம்பித்தார்.

வாசல் வாசலாக வேலை நடந்தது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலிருந்தும் முத்திரைக்கு ஒரு வரவேற்பு. யாரோ பிஸ்கட் கொடுத்தார்கள். யாரோ காதைத் தடவினார்கள்.

ஒரு நீலக் கதவு வந்தது. முத்திரை உட்கார்ந்துவிட்டது.

"இந்த வீட்டுக்கு ஒண்ணும் இல்ல. நட, நட," என்றார் புதுத் தபால்காரர்.

முத்திரை நகரவில்லை. சில்வண்டு இழுத்துப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

கதவு படாரென்று திறந்தது. இடுப்பில் குழந்தையோடு ஓர் அக்கா நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன சேதி? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க!"

"சேதியா? ஒண்ணுமில்லையேம்மா. உங்களுக்குக் கடிதம் இல்ல," என்றார் தபால்காரர் திகைத்துப்போய்.

அந்த அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார்.

"இதை நேத்தே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? என் வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரு. கடிதம் இல்லாட்டியும் பழைய தபால்காரர் இங்கே நின்னு, 'இன்னிக்கு இல்லம்மா, கப்பல் இன்னும் கரைக்கு வந்திருக்காது'ன்னு சொல்லிட்டுத்தான் போவாரு. நேத்து நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டீங்க. ஏதோ கெட்ட சேதி வந்திருக்கு, சொல்லப் பயந்து ஓடுறீங்கன்னு நினைச்சேன். ராத்திரி பூரா தூங்கலை."

தபால்காரர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேற்று அவர் தலை குனிந்து பார்த்தது உறைகளில் இருந்த வெறும் நம்பரைத்தான்.

"தப்புதாங்க. இன்னிக்கு இல்லம்மா. கப்பல்... கப்பல் இன்னும் கரைக்கு வந்திருக்காது."

"அது போதும்!" அக்கா சிரித்தார். குழந்தை குனிந்து முத்திரையின் காதைப் பிடித்து இழுத்தது. முத்திரை எழுந்து வாலை ஆட்டிவிட்டு, அடுத்த வாசலுக்கு நடந்தது.

வழக்கத்துக்கு முன்பே பை காலியாகிவிட்டது. பிரியும்போது தபால்காரர் கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார், மறுபடி நீட்டி ஒரு விரலால் முத்திரையின் தலையைத் தொட்டார்.

"நாளைக்கும் வருவீங்களா ரெண்டு பேரும்?"

சில்வண்டு பதில் சொல்லத் திரும்பினாள். அப்படியே நின்றாள்.

எதிரே மளிகைக் கடை. உள்ளே, காதில் போனை வைத்துக்கொண்டு மாடி மாமா!

"ஹலோ, விடுதிங்களா?"

"மாமா! வச்சிடுங்க! வச்சிடுங்க!" கயிறும் நாயுமாக அவள் கடைக்குள் பாய்ந்தாள். முத்திரை மிளகாய் மூட்டையை மோந்துவிட்டுத் தும்மியது. "கண்டுபிடிச்சுட்டேன் மாமா! இவனுக்கு உடம்பு சரியில்லாம இல்ல, பிடிவாதமும் இல்ல. இவனுக்கு வேலைக்குப் போகணும்! உங்களுக்கு லீவே விடாம வேலை இருந்து, ஒருநாள் திடீர்னு அச்சகத்துக் கதவைப் பூட்டி உள்ளே விடலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"நிம்மதியா தூங்குவேன்," என்றார் மாமா. ஆனால் கை போனை மூடிப் பிடித்திருந்தது. "காலையில ஒரு ஊளைதான் கேட்டுச்சு. அப்புறம் அமைதி. நீ நாயைத் தொலைச்சுட்டேன்னு நினைச்சு அலறிப் புடைச்சுக்கிட்டு வந்தேன். அமைதியா இருந்தும் தூக்கம் போச்சு எனக்கு!"

"நாளைக்கு ஒரே ஒரு நாள் பாருங்க மாமா. அத்தை பாவம். கடலுக்காக எவ்வளவு நாள் காத்துக்கிட்டு இருந்தாங்க!"

மாமா அவளைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். போனில், "ஒண்ணுமில்லைங்க, ராங் நம்பர்," என்று சொல்லி வைத்தார்.

மறுநாள் ஊளை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மாடியிலிருந்து மாமாவின் குறட்டை மட்டும் தெரு வரை கேட்டது. அதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. புதுத் தபால்காரர் பிஸ்கட்டைப் பையில் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். "எனக்குத்தான்," என்று சொல்லிக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில், நடுத்தெருவில் நின்று அவர் ஓர் அட்டையை எடுத்தார்.

"'சில்வண்டு, பக்கத்து வீடு'ன்னு போட்டிருக்கு. நீதானே?"

ஒரு பக்கம் முழுக்க நீலக் கடல். மறுபக்கம் அத்தையின் கோணல் கையெழுத்து. சில்வண்டு முத்திரைக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் படித்தாள்.

"கடல் நான் நினைச்சதைவிட ரொம்பப் பெரிசு. தபால்கார மாமா அலையைப் பார்த்துட்டு வாயடைச்சுப் போய் நிக்கிறாரு. இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்னு அவரே சொல்றாரு! முத்திரை வீட்டை நல்லாக் காவல் காக்கிறானா?"

"கேட்டியாடா? ரெண்டு நாள் கூட இருக்கப் போறாங்களாம்!"

முத்திரை எங்கே கேட்டது? அது எப்போதோ அடுத்த வாசலுக்குப் போய் உட்கார்ந்திருந்தது. வேலை நேரத்தில் என்ன அரட்டை என்பதுபோல் இருவரையும் திரும்பிப் பார்த்து, ஒரே ஒரு முறை குரைத்தது.