விதர்லியில் நிற்காத வண்டி

டென்ஸில் ஆர்க்கல் விதர்லி ஸ்டேஷனுக்குப் போனபோது மணி மூன்றுதான். ஆனாலும் டிசம்பர் மூடுபனியில் பிளாட்பாரத்தின் மறுமுனை தெரியவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து அறுபது வருடமாயிற்று. அந்தப் பள்ளம் முழுக்க முட்புதர்.

ஸ்டேஷன் வீட்டை வாங்கிக் குடியிருந்த பெரில் அவரோடு பள்ளியில் படித்தவர். டீ கொடுத்தார், பால் ஊற்றவா என்றுகூடக் கேட்கவில்லை. டென்ஸில் அந்த ஸ்டேஷனின் வரலாற்றை எழுதி முடித்திருந்தார். அச்சுக்குப் போகுமுன் ஒரு பக்கத்தைப் பெரிலிடம் காட்டிவிடும்படி ஊர் மன்றத்தில் சொல்லியிருந்தார்கள்.

அந்த நாளில் குளிர்காலத்தில் அங்கே வண்டி தானாக நிற்காது. ஏற ஆள் இருந்தால், ஸ்டேஷனின் ஒரே ஊழியரான போர்ட்டர் கம்பத்தில் விளக்கு மாட்ட வேண்டும். வண்டி ஓடிய கடைசிக் குளிர்காலத்தில் போர்ட்டராக இருந்தவர் டென்ஸிலின் அப்பா. ஒரு சாயங்காலம், மூச்சுத் திணறும் கைக்குழந்தையோடு பெரிலின் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகக் காத்து நின்றாள். போர்ட்டர் மதுக்கடையில் இருந்தார். விளக்கு இல்லை, வண்டி நிற்கவில்லை. விடிவதற்குள் குழந்தை போயிற்று. மாதம் முடிவதற்குள் அம்மாவும்.

அன்றைய பதிவேட்டில் போர்ட்டர் எழுதியது: 'பயணிகள் எவரும் இல்லை.'

மகனும் தன் புத்தகத்தில் அதையே எழுதியிருந்தார்.

"உங்கப்பா கையெழுத்து முத்து முத்தா இருக்கும்," என்றார் பெரில். "குடிச்சிருந்தாலும்."

"செத்தவர விடு, பெரில்."

"எங்கம்மாவும் செத்தவதான். அவ அங்க நின்னான்னு ஒரு வரி போடு. போதும்."

டென்ஸில் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பிளாட்பாரத்தில் நிலக்கரிப் புகை நாறியது.

பெஞ்சில் யாரும் இல்லை. ஆனால் பெஞ்சிலிருந்து மூச்சு கேட்டது. சின்ன மூச்சு. நெஞ்சுக்குள் யாரோ மெல்லச் சீழ்க்கை அடிப்பதுபோல.

"விளக்க மாட்டுங்க, மிஸ்டர் ஆர்க்கல்," என்றது ஒரு பெண்குரல், காதோரம். "பிள்ளைக்கு முடியல."

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"இங்க யாரும் இல்ல."

மூச்சு நின்றது.

புத்தகம் ஒரு வரியும் மாறாமல் வெளிவந்தது. மன்றத்தில் கைதட்டினார்கள். பெரில் வரவில்லை.

மறுநாள் பட்டப்பகலில், சந்தைக்குப் போகும் பஸ்ஸுக்கு டென்ஸில் கை காட்டினார். ஓட்டுநர் நிறுத்தத்தை நேராகப் பார்த்தார். வேகம் குறையாமல் கடந்து போனார். அடுத்த பஸ்ஸும் அப்படியே. அதன் சன்னலோரம் உட்கார்ந்திருந்த மன்றத் தலைவரின் பார்வை அவரை ஊடுருவி, பின்னாலிருந்த வேலியில் போய் நின்றது.

டென்ஸில் கத்த வாயைத் திறந்தார்.

அதற்குள் யாரோ அவர் கைகளைப் பிடித்து, மெதுவாக, தொட்டில்போல் வளைத்துவிட்டார்கள். வெறும் கைகள் கனத்தன.

கழுத்தோரம் அந்தச் சின்ன மூச்சின் சீழ்க்கை தொடங்கியது.