ஏசுதாசன் கடைச் சுண்ணாம்பு

"விஷத்தை மூட்டை கட்டிக் குடுத்துட்டு வாய்க்கு வாய் ஸ்தோத்திரம் வேற சொல்றீகளோ?"

"வார்த்தையை அளந்து பேசுங்க சுருளிவேல்! எங்க தாத்தா காலத்துக் கடை இது."

"அப்ப சுண்ணாம்பும் தாத்தா காலத்துச் சரக்குதான் போல!"

உத்தமபாளையம் பஜாரில் ஏசுதாசனின் உரக்கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. சுருளிவேல் ஒரு கூடையைக் கவிழ்த்தார். கருகிய திராட்சைக் கொழுந்துகள் கல்லாப்பெட்டி மேல் கொட்டின. கவாத்து முடிந்து துளிர்த்த கொடிகளுக்கு அவர் மருந்தடித்திருந்தார். மருந்தென்றால் செம்பு உப்பான மயில்துத்தமும் நீர்த்த சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வைத்தவர் எல்லோரும் அடிப்பதுதான். துத்தம் போன தடவை வாங்கி வீட்டில் மிச்சமிருந்தது. போன தடவை அதனால் ஒன்றும் ஆகவில்லை. சுண்ணாம்பு மட்டும் புதிதாக ஏசுதாசன் கடையில் வாங்கியது. அடித்த மறுநாள் தோட்டமே தீப்பிடித்து அணைந்த மாதிரி ஆகிவிட்டது.

"திங்கக்கிழமை வேளாண்மை ஆபீஸ்ல மனுக் குடுக்கிறேன். உங்க லைசென்ஸைக் கிழிச்சுக் காத்துல விடாம ஓய மாட்டேன்."

ஏசுதாசனுக்கு முகம் வெளுத்தது. லைசென்ஸ் போனால் கடை போகும். கடை போனால் பஜாரில் அந்தக் குடும்பத்துக்கு வேறு அடையாளம் கிடையாது.

எதிர் மாடியில் குடியிருக்கும் ஞானசெல்வி காபி டம்ளரோடு இறங்கி வந்தாள். கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவி, தெருவுக்கு 'மிஸ்'. போன வருஷம் மலைத்தேன் என்று விற்றது வெறும் வெல்லப்பாகு என்று நிரூபித்ததிலிருந்து, பால் திரிந்தால்கூட அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அவளுக்குப் பின்னால், கீழே பியூட்டி பார்லர் நடத்தும் பாண்டீஸ்வரியும் வந்தாள். உள்ளே முகத்தில் பூச்சோடு ஒரு கல்யாணப் பெண் காத்திருந்தாள். காத்திருக்கட்டும், சண்டை காத்திருக்காதே.

"மிஸ், நீங்களே சொல்லுங்க," என்றார் ஏசுதாசன்.

"அவுக என்ன சொல்லுவாக?" என்று சுருளிவேல் சீறினார். "ரெண்டு பேரும் ஒரே சர்ச்சு!"

ஞானசெல்வி காபியைக் குடித்து முடித்தாள். அவசரப்படும் பழக்கம் அவளுக்கு இல்லை. "சரி. நான் தராசையே தொடலை. நகைப்பட்டறை வைகுண்டராஜ் அந்தச் சுண்ணாம்பை எடை போடட்டும், அவரோட உலையிலயே சுடட்டும். அவரு எந்தச் சர்ச்சுக்கும் போறதில்லை, கோயிலுக்குப் போயும் நாளாச்சு. போதுமா?"

"அப்ப முதல்ல தோட்டத்தை வந்து பாருங்க," என்று சுருளிவேல் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

தோட்டம் கம்பம் ரோட்டில், புதிய புறவழிச்சாலையை ஒட்டி இருந்தது. இந்தப் பக்கம் சாலை, அந்தப் பக்கம் மனையிடமாகக் கல் ஊன்றிய வெற்று நிலம். நடுவில் சுருளிவேலின் பந்தல், கொள்ளி பட்ட மாதிரி நின்றது. மனையிடத்துக்குச் சொந்தக்காரர் முத்துராஜா, சுருளிவேலின் மனைவி அய்யம்மாளுக்கு உடன்பிறந்த அண்ணன். முன்பு அவரும் திராட்சைதான் வைத்திருந்தார். இப்போது பிளாட்டு போடுகிறார். தங்கை புருஷனின் தோளில் கைபோட்டு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"விடு மாப்ள. இந்தக் கொடியைக் கட்டிக்கிட்டு எத்தனை நாளைக்கு அழுவ? வித்துட்டு நிம்மதியா இரு. வாங்க மிஸ், அடுத்த மாசம் நம்ம புது வீட்டுக்குப் பால் காய்ச்சு. அவசியம் வரணும். தரை முழுக்க மார்பிள், இப்பத்தான் அறுத்துப் பதிக்கிறாக."

ஞானசெல்வி தலையை மட்டும் ஆட்டிவிட்டு மருந்து கலக்கிய டிரம்மைப் பார்த்தாள். அடியில் மீதி இருந்தது. போர்டோ கலவை வெளுத்த வான நீலத்தில் கெட்டியாக இருக்க வேண்டும். இதில் மேலே தெளிந்த ஆழ்ந்த நீலம், கீழே வெள்ளை வண்டல்.

மருந்தைக் கலக்கி அடித்த வேலையாள் செல்லப்பாண்டி கையைப் பிசைந்தான். "கலக்கும்போது லேசா நுரைச்சுச்சு மிஸ். சோப்பு மாதிரி."

"கத்தி முக்கிப் பார்க்கலையா?"

பாண்டீஸ்வரி விழித்தாள். சுருளிவேலே விளக்கினார்: "கலவையில இரும்பை முக்கணும்மா. செம்பு ஏறிச் சிவந்துச்சுன்னா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம், கொழுந்தைப் பொசுக்கிரும். முக்கினோம். பளபளன்னு இருந்துச்சு. அதான் தைரியமா அடிச்சோம்."

"எந்தக் கத்தி?"

"இந்தா." பழம் நறுக்கும் எவர்சில்வர் கத்தி. "அரிவாளைத் தேடினேன், கிடைக்கலை. மச்சான்தான் அவர் கார்லேருந்து எடுத்துக் குடுத்தாக. சுண்ணாம்பு மூட்டையைக் கடையிலேருந்து கொண்டாந்து இறக்கினதும் அவுகதான். நல்ல மனசு."

ஞானசெல்வி மூட்டையில் மீதியிருந்த வெள்ளைப் பொடியை ஒரு டப்பாவிலும், டிரம் தண்ணீரை ஒரு பாட்டிலிலும் எடுத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் பாண்டீஸ்வரி வழக்கை மூன்று தடவை முடித்துவிட்டாள். முதலில் ஏசுதாசன் பழைய சரக்கை விற்றார். அப்புறம் செல்லப்பாண்டி குடித்துவிட்டுக் கலக்கினான். உத்தமபாளையம் வரும்போது இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள்.

"மூணாவது ஆளை யோசிக்கலையா?" என்றாள் ஞானசெல்வி.

"யாரு?"

"முதல்ல அந்தப் பொடி யாருன்னு தெரியட்டும்."

மறுநாள் நகைப்பட்டறையில் எல்லோரும் கூடினார்கள். வைகுண்டராஜ் நாற்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை, அதிகம் பேசாதவர். பாண்டீஸ்வரி உலை பார்க்கும் சாக்கில் விடிந்ததிலிருந்து அங்கேதான் நின்றாள். உலையைத்தான் பார்த்தாள் என்று சொல்ல முடியாது.

"தோட்டத்துப் பொடி சரியா பத்து கிராம் எடுத்தோம்," என்று தொடங்கினாள் ஞானசெல்வி. "தங்கம் உருக்குற சூட்டுக்குப் பக்கத்துல வச்சுச் சுட்டோம். எவ்வளவு மிச்சம்?"

"அஞ்சு புள்ளி ஆறு," என்றார் வைகுண்டராஜ். "திரும்பவும் சுட்டேன், எடை இறங்கலை."

"மிச்சத்துல தண்ணி ஊத்தினதும் சுர்ருன்னு கொதிச்சுச்சு. தீயில காட்டினா செங்கல் நிறத்துல எரிஞ்சுது. ஆக, மிஞ்சினது சுட்ட சுண்ணாம்பு. கால்சியமும் ஆக்சிஜனும். போன நாலு புள்ளி நாலு கிராம் என்ன? காலையில இந்தப் பொடி மேல வினிகர் விட்டோம், பொங்குச்சு. அந்தக் காத்தைத் தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணியில விட்டா பால் மாதிரி ஆச்சு. அதுதான் கார்பன் டை ஆக்சைடு. சூட்டுல போனதும் அதேதான்."

"இதுல என்ன வெளங்குது?" என்றார் சுருளிவேல்.

"எடை இருந்தா எண்ணிக்கை வரும். வைகுண்டராஜ், ஒரே மாதிரி மோதிரமா ஒரு குவியல் இருக்கு. எத்தனைன்னு எண்ணாம எப்படிச் சொல்லுவீக?"

"மொத்த எடையை ஒரு மோதிர எடையால வகுத்துருவேன்."

"அதேதான். சுட்ட சுண்ணாம்பு அஞ்சு புள்ளி ஆறுல கால்சியம் நாலு கிராம், ஆக்சிஜன் ஒண்ணு புள்ளி ஆறு. போன காத்துல கார்பன் ஒண்ணு புள்ளி ரெண்டு, ஆக்சிஜன் மூணு புள்ளி ரெண்டு. மொத்தத்துல ஆக்சிஜன் நாலு புள்ளி எட்டு. கால்சியம் அணுவோட எடை நாப்பது, கார்பன் பன்னெண்டு, ஆக்சிஜன் பதினாறு. வகுத்துப் பாருங்க."

வைகுண்டராஜ் கால்குலேட்டரைத் தட்டினார். "புள்ளி ஒண்ணு. புள்ளி ஒண்ணு. புள்ளி மூணு." நிமிர்ந்தார். "ஒண்ணுக்கு ஒண்ணுக்கு மூணு!"

"ஒரு கால்சியம், ஒரு கார்பன், மூணு ஆக்சிஜன். கால்சியம் கார்பனேட். சுண்ணாம்பு இல்லை, சூளையையே பார்க்காத கல்லு. துத்தத்தோட அமிலத்தைச் சுண்ணாம்பு அடக்குற மாதிரி இந்தக் கல்லுப் பொடியால சட்டுன்னு அடக்க முடியாது. அதான் லேசா நுரைச்சுட்டு அடியில படிஞ்சுது. மேல நின்ன துத்தம் கொழுந்தைத் தின்னுருச்சு."

பாண்டீஸ்வரி துள்ளினாள். "மிஸ், சுண்ணாம்பு காத்துப் பட்டுப் பழசானாலும் இப்படித்தான் ஆகும்னு நீங்கதான சொன்னீக? அப்ப ஏசுதாசண்ணன் சரக்குதான் பழசு!"

ஞானசெல்வி கைகாட்டி அவளை அமர்த்தினாள்.

"ஆகும். ஆனா அரைகுறையா ஆகும். கணக்கு இப்படிச் சுத்தமா நிக்காது. அதோட, சுருளிவேலுக்கு அள்ளிக் குடுத்த அதே பெரிய சாக்குல மீதி கடையில இருக்கு. அதையும் பத்து கிராம் சுட்டோம். வைகுண்டராஜ்?"

"ரெண்டு புள்ளி நாலுதான் குறைஞ்சுது. வெறும் நீராவி. வினிகருக்கும் பொங்கலை."

"அது அசல் நீர்த்த சுண்ணாம்பு. கடையை விட்டுக் கிளம்பும்போது சுண்ணாம்பு. தோட்டத்துல இறங்கும்போது கல்லுப் பொடி. நடுவுல மூட்டை மாறியிருக்கு."

பட்டறையில் எல்லோருடைய பார்வையும் முத்துராஜா பக்கம் போனது. அவர் சிரித்தார். "நல்லாருக்கே! தோட்டத்துல செல்லப்பாண்டியும்தான் இருந்தான். அவன் மாத்தியிருக்கக் கூடாதா?"

"ஏலே, நான் எதுக்கு மாத்துறேன்?" என்று செல்லப்பாண்டி பாய்ந்தான், பெரியவர் என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது.

பாண்டீஸ்வரி ஒரு டிபன் டப்பாவைப் பெருமையாக நீட்டினாள். "இது அவுக புது வீட்டு மார்பிள் அறுத்த பொடி. வீடு பார்க்கப் போறேன்னு போய் அள்ளிட்டு வந்தேன். இதையும் சுட்டோம். அதே நாலு புள்ளி நாலு!"

"அது மட்டும் சாட்சி ஆகாது பாண்டீஸ்வரி," என்றாள் ஞானசெல்வி. "மார்பிள் எந்த வீட்டுலயும் ஒண்ணுக்கு ஒண்ணுக்கு மூணுதான்."

பாண்டீஸ்வரியின் முகம் சுருங்க, முத்துராஜாவின் முகம் மலர்ந்தது. ஞானசெல்வி டிரம் தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒன்றில் இரும்பு அரிவாளின் நுனி, மற்றதில் அந்த எவர்சில்வர் கத்தி. கொஞ்ச நேரத்தில் அரிவாள் செம்பு பூசிக்கொண்டு வெளியே வந்தது. கத்தி கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னியது.

"எவர்சில்வர்ல செம்பு ஏறாது. இந்தக் கத்தியை முக்கினா கெட்ட கலவையும் நல்ல கலவை மாதிரித் தெரியும். செல்லப்பாண்டி, அரிவாள் முக்கிப் பார்க்க உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"இவரேதான்," என்று முத்துராஜாவைக் காட்டினான் செல்லப்பாண்டி. "இவர் தோட்டத்துலதான் நான் வேலை பழகினேன். ஒருநா நான் எவர்சில்வர் கரண்டியை முக்கினேன்னு முதுகுல ஒண்ணு வச்சாரு. 'இரும்பை முக்குடா மடப்பயலே'ன்னு." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "அன்னைக்கு இவரே கத்தியை நீட்டினப்ப, பெரியவுகளுக்குத் தெரியாததான்னு பேசாம இருந்துட்டேன்."

"அரிவாள் காணாமப் போனதும், சரியா அந்த நேரம் இந்தக் கத்தி வந்ததும் தற்செயல் இல்லை," என்றாள் ஞானசெல்வி. "இரும்புதான் வேணும்னு தெரிஞ்சவர் எவர்சில்வரை எடுத்துக் குடுத்தாரு. கலவை கெட்டுப் போச்சுன்னு முன்னாலேயே தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான்."

சுருளிவேல் மெதுவாகத் திரும்பினார். "மச்சான், என் முகத்தைப் பார்த்து இல்லைன்னு சொல்லுங்க."

முத்துராஜா முகத்தைப் பார்க்கவில்லை. "வித்திருந்தா உனக்கும் நல்லதுதான மாப்ள? உன் தோட்டம் நடுவுல கிடக்கு, என் பிளாட்டுக்கு ரோட்டுக்குப் போகப் பாதை இல்லை. கொடி போனா மனசு மாறுவன்னு..."

சுருளிவேல் அடிப்பார் என்று தெருவே எதிர்பார்த்தது. அவர் அடிக்கவில்லை. மனுவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து உலைக்குள் போட்டார். பிறகு நேரே ஏசுதாசன் கடைக்கு நடந்தார். பஜார் நிறைந்த நேரம். நடுரோட்டில் நின்று, சண்டை போட்ட அதே குரலில் கத்தினார்: "ஏசுதாசண்ணன் சரக்கு சுத்தம்! தப்பு என் பேர்ல!" ஏசுதாசன் ஸ்தோத்திரம் சொல்லக்கூட மறந்து, அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்றைக்குச் சுண்ணாம்பு தேவைப்படாதவர்களும் அங்கே சுண்ணாம்பு வாங்கினார்கள்.

சுருளிவேல் கருகினதை வெட்டிவிட்டார். கொடி மறுபடி துளிர்த்தது. அய்யம்மாள் அண்ணன் வீட்டுப் பால் காய்ச்சுக்குப் போகவில்லை, அவள் போகாததால் சொந்தக்காரர் யாரும் போகவில்லை. முத்துராஜா குடும்பத்தோடு கட்டப்பனைக்குப் போய்விட்டார். அங்கே ஏலக்காய் வியாபாரமாம். மார்பிள் வீட்டில் இப்போது ஒரு பேங்க் மேனேஜர் வாடகைக்கு இருக்கிறார், தரை வழுக்குகிறதென்று குறைப்படுகிறார். செல்லப்பாண்டிக்குத் தேவாரத்தில் பெண் அமைந்தது.

பாண்டீஸ்வரி வைகுண்டராஜைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போடிக்குப் போய்விட்டாள். ஒரே கட்டடத்தில் முன்னால் பார்லர், பின்னால் பட்டறை. அவர் இப்போதும் அதிகம் பேசுவதில்லையாம்; பேச இடம் கிடைத்தால்தானே.